ஏதோ ஆன்ல இருக்கு

சோற்றில் கை வைத்தபடியே நிறுத்திவிடுவார். வாயில் இருப்பதை மெல்லவும் மாட்டார், விழுங்கவும் மாட்டார். தலையைக் கொஞ்சம் சாய்த்து, யாரையும் பார்க்காமல், "ஏதோ ஆன்ல இருக்கு" என்பார்.

முதல் தடவை எங்கள் பொங்கோல் வீட்டில் அவர் அப்படிச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் கணவர் கூட்டி வந்த கூட்டாளி, விருந்தாளி என்று மீன் குழம்பு ஊற்றி உட்கார வைத்திருக்கிறேன். என் வீட்டில் எது ஆனில் இருந்தால் இந்த மனிதருக்கு என்ன?

"ஃபேன் ஓடுதுல்ல அண்ணே, அதான்" என்று என் கணவர் சிரித்தார்.

"அது இல்ல தம்பி. தேவையில்லாம ஒண்ணு ஆன்ல இருக்கு."

எழுந்தார். எச்சில் கையை மடக்கிக்கொண்டு நேராக எங்கள் படுக்கையறைக்குள் போனார். படுக்கையறைக்குள்! கட்டில்மேல் மடிக்காத துணி மலையாகக் கிடக்கிறது. "அண்ணே, அண்ணே" என்று பின்னாலேயே ஓடினேன். கதவுக்குப் பின்னால் நான் காலையில் நிமிர்த்தி வைத்த இஸ்திரிப் பெட்டி இருந்தது. தொட்டால் தோல் உரிந்துவிடும், அவ்வளவு சூடு. இடது கையால் பிளக்கைப் பிடுங்கினார். திரும்பி வந்து உட்கார்ந்து, மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார். பெருமையாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன். அவரோ இன்னொரு துண்டு மீன் கேட்டார்.

"அண்ணனுக்குப் பாம்புக் காது" என்றார் என் கணவர் அவர் போன பிறகு. கரண்ட் ஓடினால் 'ஙீ' என்று மெல்லிசாக ஒரு சத்தம் வருமாம். நமக்கெல்லாம் கேட்காதாம், அவருக்குக் கேட்குமாம். நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது, பெட்டி சூடாக இருந்ததே.

என் கணவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த ஆள் எங்கள் வீட்டுக்கு எதற்கு வந்தார் என்று புரியாது. வாரத்தில் ஐந்து நாள் அவர் சரக்குக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். சனி ஞாயிறு வந்தால் ராக்கெட் விடுகிறவர். தீபாவளி ராக்கெட் இல்லை. என் உயரத்துக்கு நிற்கும், உள்ளே கம்ப்யூட்டர் வைத்த ராக்கெட். நம் தீவில் விட ஏது இடம்? அண்ணாந்து பார்த்தால் விமானம்தான். ஆகவே கூட்டாளிகள் சேர்ந்து எல்லை தாண்டி ஜொகூருக்குக் காரில் கொண்டுபோவார்கள். அங்கே ஒரு பொட்டல்வெளியில், அனுமதி வாங்கிய ஒரு கிளப்காரர்கள் மோட்டாரைப் பொருத்திக் கொடுப்பார்கள். சர்ரென்று போகும். ஒரு நிமிஷ சமாச்சாரம். அதற்கு மூன்று மாதம் என் சாப்பாட்டு மேசை ஒர்க்‌ஷாப்.

மேலே போன ராக்கெட் உச்சியைத் தொட்டதும் மூக்குப் பகுதி கழன்று, பாராசூட் வெளியே வர வேண்டும். மற்ற ஊர்களில் இதற்குக் கொஞ்சம் வெடிமருந்து வைப்பார்களாம். இங்கே அதை வீட்டில் வைத்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். அதனால் என் கணவர் ஒரு ஸ்பிரிங் வைத்தார், மோட்டார் சைக்கிள் ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங். அதை அமுக்கி நைலான் நூலால் கட்டி வைப்பது. உச்சி வந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்ததும், நூலைச் சுற்றியிருக்கும் கம்பியைச் சூடாக்கும். நூல் அறுந்து ஸ்பிரிங் மூக்கைத் தள்ளும். மூக்கின் நுனியில் கனத்துக்காக ஈயம் ஊற்றியிருந்தார்கள்.

அந்த ஸ்பிரிங்கைக் கண்ட நாளிலிருந்து, "யாரு கண்ணாவது போகப் போகுது, பாத்துக்கிட்டே இருங்க" என்று கத்துவேன். பல் மருத்துவரிடம் ரிசப்ஷனில் இருப்பவள் நான். முகத்தில் அடிபட்டு வருகிறவர்களை வாரம் ஒருத்தரையாவது பார்க்கிறேன். என் கணவரோ குக்கர் மூடியைக்கூட ஒழுங்காகப் போடத் தெரியாதவர்.

"அதுக்குத்தானே அண்ணனைக் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்பார்.

அண்ணன் புக்கிட் பாஞ்சாங்கில் தனியாக இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. ஐம்பது வயது இருக்கும். இள வயதில் கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்தவர், பிறகு எங்கோ பராமரிப்பு வேலை. ஞாயிறு காலையில் மாதா கோயில் பூசை முடிந்து அதே வெள்ளைச் சட்டையோடு வருவார். சட்டைப் பையில் சின்னத் திருப்புளி ஒன்று எப்போதும் இருக்கும். கம்ப்யூட்டருக்கு வயர் இழுப்பதும் பேட்டரி கட்டுவதும் அவர் வேலை. வேறு யாரையும் தொட விடமாட்டார்.

மாட்டிய ஒவ்வொரு வயரையும் சுண்டி இழுத்துப் பார்ப்பார். "கழண்டா இங்க கழலட்டும் லா. மேல போயி கழல வேணாம்" என்பார். பேட்டரியைப் பிஞ்சுக் குழந்தையைத் தொட்டிலில் கட்டுவதுபோல் நாலு பக்கமும் கட்டுவார். புறப்படும்போது அதன் கனம் பல மடங்காகிப் பின்னால் சரியுமாம், வயர் பிடுங்கிக்கொள்ளுமாம். எல்லாம் அவருக்கு இரண்டு வேண்டும். கம்ப்யூட்டர் இரண்டு, பேட்டரி இரண்டு, ஸ்விட்ச் இரண்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தனித்தனியாக.

"ஒண்ணு செத்துட்டாலும் இன்னொண்ணு முழிச்சிருக்கணும்ல" என்பார்.

இப்படித்தான் பேசுவார். கம்ப்யூட்டர் தூங்குது, முழிச்சிருச்சு, பயந்துருச்சு. ஆரம்பத்தில் வேடிக்கையாக இருந்தது. ஒரு நாள் என்னிடம் காலி ஊறுகாய் ஜாடி கேட்டார். காலி இல்லை, மாங்காய் இருந்தது. அதை வேறு டப்பாவுக்கு மாற்றிவிட்டு, முனகிக்கொண்டே கழுவிக் கொடுத்தேன். மூடியில் துளை போட்டுக் குழாய் சொருகி, உள்ளே ஒரு கம்ப்யூட்டரை வைத்தார். சூடாகும் கம்பிக்குப் பதிலாகச் சின்ன பல்பு. கைப்பம்பால் ஜாடியிலிருந்து காற்றை உறிஞ்ச ஆரம்பித்தார்.

"இதுக்குக் கண்ணு கெடையாது தங்கச்சி. வானமும் தெரியாது, தரையும் தெரியாது. காத்து மட்டும்தான் தெரியும். காத்து கொறைஞ்சா, மேல போறோம்னு நம்பிரும்."

பம்பை நிறுத்திக் காற்றை மெல்ல உள்ளே விட்டார். பல்பு பளிச்சென்று எரிந்தது. உச்சிக்குப் போய்விட்டோம், பாராசூட்டை விடலாம் என்று அது முடிவு செய்துவிட்டது. ஊறுகாய் ஜாடிக்குள், என் மேசையில், வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. பிறகு கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. எவ்வளவு உயரம் போனோம் என்பதைக் கீச்சொலியால் எண்ணிச் சொல்லுமாம். காதில் ஊசி ஏற்றுகிற சத்தம். என் கணவர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. சத்தத்துக்கு முகம்கூடச் சுளிக்கவில்லை. ஜாடியின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு, "பாவம். போயிட்டு வந்துட்டோம்னு நெனச்சுக்கிட்டு இருக்கு" என்றார்.

அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த ஜாடியில் நான் மறுபடி ஊறுகாய் போடவே இல்லை.

அன்றைக்குத்தான் லிஃப்ட் விஷயத்தையும் சொன்னார். பேட்டரி மாட்டி, ஸ்விட்ச் போட்ட ராக்கெட்டை நம் அடுக்குமாடி புளோக் லிஃப்டில் ஏற்றவே கூடாது. கீழ்த்தளத்திலிருந்து பதினேழாம் மாடிக்கு லிஃப்ட் விறுவிறுவென்று ஏறினால் காற்றின் அழுத்தம் குறைகிறது. கிளம்பிவிட்டோம் என்று கம்ப்யூட்டர் நம்பும். மேலே போய் லிஃப்ட் நின்றால், இதுதான் உச்சி என்று நினைத்து நூலை அறுத்துவிடும். "எல்லா ஊர்க்காரனுக்கும் இந்தக் கவலை கெடையாது. நமக்குத்தான் வீடு வானத்துல இருக்கே" என்றார். அதனால் சட்டம் போட்டார்: ஸ்விட்ச் போடுவது ஜொகூர்த் திடலில் மட்டும்.

ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் தேக்கா சந்தைக்குப் போயிருந்தோம். அவர்களுக்கு ரோச்சோர் பக்கம் வயர் வாங்க வேண்டும், எனக்கு முருங்கைக்காயும் வாழைப்பூவும். கூட்டமென்றால் கூட்டம். மாலைக் கடைகளைத் தாண்டி ஒரு சந்தில் திரும்பும்போது நின்றுவிட்டார். ஒரு பலகாரக் கடை. ஷட்டர் இறக்கிப் பூட்டியிருந்தது. "உள்ள ஏதோ ஆன்ல இருக்கு" என்றார்.

"ஃப்ரிட்ஜா இருக்கும், வாங்கண்ணே, வெயில் கொளுத்துது" என்றேன்.

நகரவே இல்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லி, அவர் போன் போட்டு, உரிமையாளர் மூச்சு வாங்க ஓடி வந்து ஷட்டரைத் தூக்கினால், உள்ளே எண்ணெய்ச் சட்டி மின்சார அடுப்பில் புகைந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் தீ பிடித்திருக்கும். அந்த மனிதர் நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அடுப்பை அணைத்துவிட்டு அண்ணனையே பார்த்தார். "வெளியில நின்னு எப்படிங்க தெரிஞ்சுது?" என்று கேட்டார். அப்படியே ஒரு எட்டு பின்னால் போனார். நாங்கள் சந்து முனை திரும்பும்வரை அவர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு கூட்டாளிகள் எல்லாருக்கும் அவர்மேல் அசைக்க முடியாத நம்பிக்கை வந்துவிட்டது. முன்பெல்லாம் புறப்படுவதற்கு முன் ஸ்விட்சுகளைத் தாங்களே தொட்டுப் பார்ப்பார்கள். இப்போது, "அண்ணே, எதாச்சும் ஆன்ல இருக்கா?" என்று கேட்பார்கள். அவர் இல்லையென்று தலையாட்டினால் காரில் ஏற்றிவிடுவார்கள். "நீங்களும் ஒரு தடவை பாருங்களேன்" என்று நான் கரடியாய்க் கத்துவேன். "அண்ணன் சொல்லிட்டாருல்ல" என்பார் என் கணவர். ஸ்பிரிங்கும் ஈயமும் உள்ள ஒரு சாமானை ஒரு மனிதரின் காதை நம்பித் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள்.

அடுத்த மாதம் என் மாமனார் தவறிவிட்டார்.

பிடோக்கில் அவர்கள் புளோக் கீழ்த்தளத்தில்தான் வைத்திருந்தோம். மூங்கில் நாற்காலியில் அத்தை, பெட்டியின் தலைமாட்டில். மின்விசிறிகள் சுற்ற, வந்தவர்களுக்குத் தண்ணீர்ப் பாக்கெட் கொடுத்துக்கொண்டு நான் ஓடிக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு மண்டாய் தகனச் சாலைக்குப் புறப்பட வேண்டும். அண்ணன் வந்தார். பெட்டிக்கு முன்னால் நின்று சிலுவை போடக் கையை நெற்றிக்கு, பிறகு நெஞ்சுக்குக் கொண்டுபோனார். கை அங்கேயே நின்றது. தலை சாய்ந்தது.

வேண்டாம், இங்கே வேண்டாம் என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

"ஏதோ ஆன்ல இருக்கு" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அத்தை பக்கத்தில் இருந்தார்கள். சடாரென்று எழுந்து, மாலைகளைத் தள்ளிவிட்டு, மாமாவின் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்தார்கள். "என்னங்க! என்னங்க!" என்று உலுக்கினார்கள். "ஆன்ல இருக்குங்குறான்டா! டாக்டரைக் கூப்பிடுங்கடா! உங்கப்பா போகலடா!" நாத்தனார் அலற, பெண்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். சின்ன மாமனார் ஒருத்தர் அண்ணனின் சட்டையைப் பிடித்தார்.

ஈமச் சடங்கு ஏற்பாடு செய்தவர்தான் முதலில் புரிந்துகொண்டார். "ஐயாவுக்கு பேஸ்மேக்கர் வச்சிருந்தாங்களா?" என்று கேட்டார். இதயத்துக்கு வைத்திருந்தார்கள்தான், பல வருஷமாயிற்று. ஆஸ்பத்திரி, மரணப் பத்திரம், ஐயர், பூ என்று ஓடிய ஓட்டத்தில் ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. அதோடு உலைக்குள் போயிருந்தால் வெடித்திருக்குமாம். ஆளை வரவழைத்து, திரை கட்டி, எடுத்தார்கள். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வெள்ளி வில்லை.

"இது சத்தம் போடுச்சாக்கும்?" என்று என் கணவர் கேட்டார்.

"இந்த வகையெல்லாம் சத்தம் போடாதுங்க" என்றார் அந்த மனிதர்.

அண்ணன் தூணோரமாக நின்றிருந்தார். எல்லாரும் அவருக்கு நன்றி சொல்லிவிட்டார்கள், சட்டையைப் பிடித்த சின்ன மாமனார் உட்பட. அத்தை மட்டும் சொல்லவில்லை. பெட்டியை மூடுவதற்கு முன் அவரைக் கையசைத்துக் கூப்பிட்டார்கள். நான் அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அதனால் ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது.

"தம்பி, நீ நல்லதுதான் செஞ்ச. ஆனா அந்தக் கொஞ்ச நேரம் அவரு உசிரோட இருக்காருன்னு நான் நம்பிட்டேன். இன்னொருக்கா அவரைச் சாகக் குடுத்தேன் தம்பி. இனிமே என் முன்னாடி அந்த வார்த்தையைச் சொல்லாத. எதுக்காகவும் சொல்லாத. எனக்குச் சத்தியம் பண்ணிக் குடு."

"சரிம்மா. உங்க முன்னாடி சொல்ல மாட்டேன்" என்று அத்தையின் கையில் அடித்துக் கொடுத்தார்.

அதன் பிறகு அத்தை எங்களோடு பொங்கோலுக்கு வந்துவிட்டார்கள். அண்ணன் ஞாயிறுகளில் வருவது நிற்கவில்லை. அத்தை முன்னால் தலை சாயும், வாய் திறக்காது. எழுந்துபோய் எதையாவது அணைத்துவிட்டு வருவார். ஒரு தடவை கேஸ் அடுப்பில் வெந்நீர்க் கெட்டில் அவர் காதுக்குப் பக்கத்திலேயே 'கீ' என்று ஊதிக்கொண்டிருந்தது. அசையவே இல்லை. நான் குளியலறையிலிருந்து ஓடி வந்து அணைத்தேன். கெட்டில் அணைக்கக்கூட ஆண்பிள்ளைக்குக் கை நீளாதா என்று திட்டிக்கொண்டேன்.

எங்கள் சமூக மன்றத்தில் பொழுதுபோக்குக் கண்காட்சி வந்தது. ஆர்க்கிட் வளர்ப்பவர், பொம்மை ரயில்காரர், ஸ்பிரிங்கும் பாராசூட்டும் கட்டிய ராக்கெட்டோடு இவர்கள். பிள்ளைகள் மொய்த்துக்கொண்டதும் என் கணவருக்குக் கை பரபரத்தது. அண்ணன் சாப்பிடப் போன நேரம் பார்த்து, பொம்மை ரயில்காரரிடம் திருப்புளி வாங்கி, ராக்கெட்டின் இரண்டு ஸ்விட்சையும் போட்டுக் கீச்சொலியைக் கேட்க வைத்தார். பிறகு அணைத்தார். அணைத்தது ஒன்றைத்தான். மற்றது உடம்பின் மறுபக்கம் இருந்தது. மேடையில் பாட்டு காதைக் கிழித்துக்கொண்டிருந்ததால் மிச்சமிருந்த கீச் யாருக்கும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அதுவும் நமக்குக் கேட்காத அளவுக்குத் தணிந்து, மேலே போகக் காத்திருந்திருக்கிறது. இதெல்லாம் பிற்பாடு கண்டுபிடித்தது.

சாயங்காலம் நாலு பேரும் வீட்டுக்கு நடந்தோம். அத்தை கையில் மன்றத்தில் கொடுத்த குவே பலகாரப் பெட்டி, நான் இரண்டு பைகளோடு, என் கணவர் ராக்கெட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அண்ணன் ரொம்பப் பின்னால், கடைசியாக. லிஃப்டுக்குள் என் கணவர் ராக்கெட்டை இறக்கிச் சாய்வாகப் பிடித்தார். மூக்கு சரியாக அத்தையின் முகத்துக்கு நேரே இருந்தது.

"தள்ளிப் பிடிங்க, அத்தை கண்ணுல குத்திரப் போகுது" என்றேன்.

"அட, ஒண்ணும் ஆகாது."

கதவு மூடி, லிஃப்ட் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அண்ணனின் தலை சாய்ந்தது.

நான் பார்த்தேன். அவர் வாய் திறந்தது. அத்தையைப் பார்த்தார். வாய் மூடிக்கொண்டது. கை சட்டைப் பைக்குப் போனது. திருப்புளி இல்லை, மன்றத்தில் யாருக்கோ இரவல் கொடுத்திருந்தார். அந்தக் குட்டி ஸ்விட்சுகள் திருப்புளி இல்லாமல் திரும்பாது. மாடி எண்கள் ஏறிக்கொண்டே இருந்தன.

"குடுங்க தம்பி, நான் பிடிச்சுக்கிறேன்."

"பரவால்ல அண்ணே, வந்தாச்சு."

கேட்காமல் பிடுங்கினார். மூலைக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, மூக்கை நெஞ்சில் வைத்து ராக்கெட்டை இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். "என்ன தம்பி இது?" என்றார்கள் அத்தை. லிஃப்ட் பதினேழில் நின்றது. கதவு திறக்கும் முன் 'டொக்' என்று ஒரு சத்தம், பிறகு மரக்கட்டையால் அடித்தாற்போல் இன்னொன்று. அப்படியே சுவரோடு சறுக்கி உட்கார்ந்தார். சிவப்புப் பாராசூட் துணி அவர் மடியெல்லாம் கொட்டிக் கிடந்தது.

இழுத்து நடைபாதையில் கிடத்தினோம். மூச்சு விட முடியவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. அவர் கைக்கெட்டும் தூரத்தில் கம்ப்யூட்டர் கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டு மலாய்க்காரம்மாகூடக் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அது எங்கள் புளோக்கின் உயரத்தை எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"தங்கச்சி, சொல்லுதா? எவ்வளவு ஒசரம்னு சொல்லுதா?"

இவ்வளவு பக்கத்தில் கத்துகிறது, என்னிடம் ஏன் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

விலா எலும்பு இரண்டு முறிந்து, ஒன்று நுரையீரலைக் குத்தியிருந்தது. பிழைத்துக்கொண்டார். சிரம்பானிலிருந்து அவருடைய அக்கா வந்து வார்டில் உட்கார்ந்திருந்தார். என் கணவர் அழுது அழுது மன்னிப்புக் கேட்டு, "அண்ணனுக்கு மட்டும் அந்தக் கீச்சு கேக்கலன்னா எங்கம்மா கண்ணு போயிருக்கும்" என்றார்.

அந்த அம்மாள் விழித்தார். "எந்தக் கீச்சு? அவனுக்கா? கப்பப் பட்டறைல இருந்தப்பவே மெல்லிசுச் சத்தமெல்லாம் போயிருச்சேப்பா. குருவி கத்துறதுகூடக் கேக்காது. போன் அடிச்சாலும் தெரியாதுன்னுதான் நான் மெசேஜ் அனுப்புறது. உங்ககிட்ட சொல்லலையா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் கெட்டிலை நினைத்துக்கொண்டேன். இஸ்திரிப் பெட்டியை, பூட்டிய ஷட்டரை, சத்தமே போடாத அந்த வெள்ளி வில்லையை நினைத்துக்கொண்டேன். அவரிடம் கேட்கும் தைரியம் எங்கள் இரண்டு பேருக்குமே வரவில்லை.

அத்தைக்கு வந்தது. மறுநாள் பார்வையாளர் நேரத்தில் ஃபிளாஸ்கில் ரசம் எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார்கள். கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

"லிஃப்ட்ல உனக்குத் தெரிஞ்சுதுதானே?"

தலையாட்டினார்.

"சொல்லியிருக்கக் கூடாதா, பாவி? செத்துக் கித்துப் போயிருந்தா?"

"நீங்க இருந்தீங்கம்மா."

அத்தை தலையில் அடித்துக்கொண்டார்கள். வெகுநேரம் அழுதார்கள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, சுற்றும்முற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்கள்.

"அந்தச் சத்தியத்த நான் எடுத்துட்டேன். இப்ப நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. அன்னைக்கு அந்த மெஷினை எடுத்தாங்கள்ல, எடுத்தப்புறமும் நீ தூணுகிட்டதானே நின்ன. நான் உன்னயத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். உன் தலை நிமிரவே இல்ல. பெட்டியத் தூக்குற வரைக்கும் நிமிரல. எடுத்தப்புறம் நின்னுபோச்சா, இல்லையா?"

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அவர் அத்தையின் முகத்தையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது. நின்றுபோச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எந்த மனிதனும் அந்த இடத்தில் அதைத்தான் சொல்லியிருப்பான், பொய்யாக இருந்தாலும்.

"அந்த வார்த்தையச் சொல்ல மாட்டேன்னு உங்க கையில அடிச்சுக் குடுத்திருக்கேன்மா" என்றார்.

அத்தை ரசத்தை ஊற்றி, ஆற்றிக் குடிக்க வைத்து, வாயைத் துடைத்துவிட்டார்கள். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மாமா போன நாளிலிருந்து அந்த முகத்தில் நான் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை.

"நிக்கலையாம்" என்றார்கள்.